என்பிஏவில் ஒரு நிமிடம்கூட ஆடாத ஐரோப்பியச் சாம்பியன்: அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களின் வெளிநாட்டுத் தொழில் எப்படி நடக்கிறது?

2024 கோடையில் கைல் ஹைன்ஸ் ஓய்வு பெற்றார். மிலான் நகர அணியுடன் அந்த ஜூன் மாதம் இத்தாலி லீக் பட்டத்தை வென்ற கையோடு விடைபெற்றபோது அவருக்கு வயது 37. ஐரோப்பாவின் தலையாய கிளப் போட்டியான யூரோலீக்கில் நான்கு முறை சாம்பியன். மூன்று முறை அந்தப் போட்டியின் சிறந்த தடுப்பாட்டக்காரர். அதில் மட்டும் 400 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர். இவ்வளவும் செய்தவர் ஓர் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் அவர் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை.

இதைக் கேள்விப்படும் யாருக்கும் குழப்பம் வரும். சொந்த நாட்டில் இடம் கிடைக்காதவர் இன்னொரு கண்டத்தில் எப்படித் தலைசிறந்தவராக முடியும்? அப்படியானால் ஐரோப்பிய ஆட்டத்தின் தரம் குறைவோ, அல்லது என்பிஏக்காரர்கள் நல்ல ஆளைத் தவறவிட்டார்களோ என்று கேட்கத் தோன்றும். என் பார்வையில் இரண்டுமே பிழையான முடிவுகள். வெளிநாட்டில் ஆடுவது தனக்கென்று விதிகளும் சந்தையும் உள்ள ஒரு தனித் தொழில். அதன் அடிப்படைகளைத் தெரிந்துகொண்டால் ஹைன்ஸின் கதையில் புதிர் எதுவும் இருக்காது.

முதலில் ஓர் எளிய கணக்கு

ஹைன்ஸ் கல்லூரி முடித்தது 2008இல். அன்று என்பிஏவில் 30 அணிகள், அணிக்கு 15 பேர், ஆக மொத்தம் 450 இடங்கள். இதில் பெரும்பகுதி ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருப்பவர்களிடம் இருக்கும். புதியவர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். அதில் கூப்பிடப்படும் பெயர்கள் 60. அந்த 60 பேரிலும் பலர் வெளிநாட்டு இளைஞர்கள்.

மறுபக்கம் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் மட்டும் அன்று சுமார் 340 கல்லூரிகள் இருந்தன. கல்லூரிக்கு 13 பேருக்கு உதவித்தொகை. அதாவது 4,000க்கும் மேற்பட்ட வீரர்கள். ஆண்டுதோறும் படிப்பை முடித்து வெளியே வருபவர்களில் மிகச் சிலருக்குத்தான் என்பிஏ கதவு திறக்கும்.

மீதிப் பேருக்கு உள்நாட்டில் இருந்த முக்கிய வழி, என்பிஏ நடத்திய டி-லீக் என்னும் துணை லீக். 2010களின் நடுவில்கூட அங்கே ஒரு சீசன் முழுவதற்கும் சம்பளம் 13,000 டாலரிலிருந்து 25,500 டாலர் வரைதான். குடும்பம் நடத்தக் காணாத பணம் அது. எனவே கல்லூரியில் நட்சத்திரமாக இருந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, கிரீஸ், இஸ்ரேல், சீனா என்று புறப்படுவது பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

ஹைன்ஸ் கல்லூரியில் சாதாரணமானவர் அல்லர். கிரீன்ஸ்பரோவில் உள்ள நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்துக்காக நான்கு ஆண்டுகளில் 2,000 புள்ளிகள், 1,000 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 300 தடுப்புகள் (எதிரணி எறியும் பந்தைத் தட்டிவிடுவது) மூன்றையும் தாண்டியவர். இந்த மூன்றையும் ஒருசேரத் தாண்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் டிராஃப்டில் அவர் பெயர் வரவில்லை. காரணம் உயரம். அவர் ஆடியது கூடைக்கு அருகே நின்று ஆடும் சென்டர் இடத்தில்; உயரமோ 1.98 மீட்டர். என்பிஏ சென்டர்கள் வழக்கமாக அவரைவிட அரைச் சாண் அளவாவது உயரமானவர்கள்.

ஐரோப்பாவில் கிளப் என்றால் என்ன?

அமெரிக்க லீக் அடைபட்ட வட்டம். அணிகள் மாறாது, கடைசி இடத்துக்கு வந்தாலும் வெளியே போக வேண்டியதில்லை. ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டுக்கும் படிப்படியாக லீக்குகள் உண்டு. கீழ்ப்படியில் வெல்பவர் மேலே ஏறுவார். மேலே தோற்பவர் கீழே இறங்குவார். பெரிய கிளப்புகள் இதோடு நிற்பதில்லை. வார இறுதியில் உள்நாட்டு லீக்கும் வார நடுவில் கண்டம் தழுவிய போட்டியும் ஆடும். அந்தக் கண்டப் போட்டிகளின் உச்சிதான் யூரோலீக். 1958இல் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையாகத் தொடங்கிய பட்டம் இது. 2000க்குப் பிறகு கிளப்புகளே கூடி நடத்தும் போட்டியாக மாறியது.

யூரோலீக்கின் முடிவு அமெரிக்காவைப் போல ஏழு ஆட்டத் தொடரில் தீர்மானிக்கப்படுவதில்லை. பல ஆண்டுகளாக அது பைனல் ஃபோர் முறையில் நடக்கிறது. நான்கு அணிகள் ஒரே நகரில் கூடும். ஒரே ஓர் அரையிறுதி, ஒரே ஓர் இறுதி. எட்டு மாத உழைப்பு ஒரு தவறான பாஸில் போய்விடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹைன்ஸின் மதிப்பு புரிய இது தேவைப்படும்.

பாஸ்போர்ட் ஏன் திறமைக்குச் சமமாகப் பேசப்படுகிறது?

ஐபிஎல்லில் ஆடும் பதினொருவரில் வெளிநாட்டவர் நால்வருக்கு மேல் கூடாது என்பது நமக்குத் தெரிந்த விதி. ஐரோப்பியக் கூடைப்பந்திலும் இதே எண்ணம்தான், ஆனால் நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. யூரோலீக் ஆட்டங்களில் தேசியத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது. உள்நாட்டு லீக்குகளில் உண்டு. ஆகவே ஒரு கிளப் வீரரை வாங்கும்போது, ‘இவரை நம் நாட்டு லீக்கிலும் இறக்க முடியுமா’ என்று முதலில் பார்க்கும்.

1. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மான் என்ற பெல்ஜியக் கால்பந்து வீரரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனை ஒன்றியத்தின் இன்னொரு நாட்டில் வெளிநாட்டு வீரராகக் கணக்கிட்டுத் தடுக்கக் கூடாது என்பது அதன் ஒரு பகுதி. தீர்ப்பு கால்பந்தில் பிறந்தாலும் எல்லா விளையாட்டுக்கும் பொருந்தியது. அதன்பின் வெளிநாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பெரும்பாலும் போட்டியிடுபவர்கள் அமெரிக்கர்களே.

2. எனவே ஓர் அமெரிக்கரைச் சேர்க்கும் கிளப், அவர் உள்ளூர்க்காரரைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதும் என்று நினைக்காது. ஒரு அரிய இடத்தை அவர்மேல் செலவழிக்கிறது. இரண்டு மூன்று வாரம் சோபிக்காவிட்டால் ஏஜென்டுக்குத் தொலைபேசி போய்விடும்.

3. தாத்தா பாட்டி வழியில் ஐரோப்பியக் குடியுரிமை கிடைக்கும் அமெரிக்கருக்குச் சந்தை மதிப்பு சட்டென்று ஏறுவது இதனால்தான்.

4. சில நாடுகள் நேரடியாகவே குடியுரிமை கொடுத்துவிடும். பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஜே. ஆர். ஹோல்டன் 2003இல் ரஷ்யக் குடிமகன் ஆனார். 2007இல் மாட்ரிட்டில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில், கடைசி வினாடிகளில் அவர் போட்ட கூடைதான் ஸ்பெயினை அதன் சொந்த மண்ணிலேயே 60–59 என்று வீழ்த்தியது. இப்படிப் பின்னாளில் குடியுரிமை பெற்றவர்களில் ஒருவரை மட்டுமே ஒரு தேசிய அணி வைத்துக்கொள்ளலாம் என்பது உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதி.

ஹைன்ஸ் கடைசிவரை அமெரிக்கராகவே, அந்த அரிய இடத்தை நிரப்புபவராகவே 16 சீசன்கள் நீடித்தார். இதன் கனத்தை இங்கேதான் உணர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிகளிலிருந்து வரும் புது அமெரிக்கர்கள் எல்லாரும் அவர் இடத்துக்குப் போட்டியாளர்கள்.

ஒப்பந்தத் தாளில் என்ன இருக்கும்?

1. சம்பளத் தொகை பெரும்பாலும் வரி போக நிகரமாக எழுதப்படும். உள்ளூர் வரியைக் கட்டுவது கிளப்பின் பொறுப்பு. என்பிஏ சம்பளமோ வரிக்கு முந்தைய தொகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் செய்திகள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகின்றன. உலகில் எங்கே சம்பாதித்தாலும் தன் குடிமகனிடம் கணக்குக் கேட்கும் நாடு அமெரிக்கா. அதனால் வெளிநாட்டில் கட்டிய வரிக்குக் கழிவு வாங்கும் வேலை வீரரின் கணக்காளருக்கு வந்து சேரும்.

2. வீடு, கார், குடும்பத்துக்கு விமான டிக்கெட். ஏஜென்டின் தரகையும் வழக்கமாகக் கிளப்பே தருகிறது.

3. என்பிஏவுக்குப் போக அனுமதிக்கும் விதி. கோடையில் குறிப்பிட்ட தேதிக்குள் அங்கிருந்து அழைப்பு வந்தால், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஒரு விடுவிப்புத் தொகை குறிக்கப்பட்டிருக்கும். அதில் ஓர் எல்லை வரைதான் என்பிஏ அணி தரலாம். மிச்சத்தை வீரர் தன் கையிலிருந்து போட வேண்டும்.

4. பணம் வராவிட்டால் எங்கே போவது என்ற விதி. புதிதாகப் போகும் வீரர்கள் சம்பள எண்ணைப் பார்க்கும் முன் தேட வேண்டியது இதைத்தான் என்று அழுத்திச் சொல்வேன். அந்நிய ஊர், தெரியாத மொழி, உள்ளூர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாய்தா. இந்த நிலையை மாற்றவே 2007இல் ஃபிபா ஒரு நடுவர் தீர்ப்பாயத்தைத் தொடங்கியது. அதன் தலம் ஜெனீவா. இந்த நாட்டின் சட்டமா அந்த நாட்டின் சட்டமா என்று இழுபடாமல், இரு தரப்புக்கும் நியாயம் எது என்ற அடிப்படையில் தீர்ப்பு வழங்கப்படும். தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடை போடலாம். கிளப்புகள் அஞ்சுவது இந்தத் தடைக்குத்தான். ஆனால் ‘தகராறு வந்தால் இந்தத் தீர்ப்பாயம்’ என்ற வரி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு.

ஆட்டமே வேறு

ஒரே பந்து, ஒரே கூடை. ஆனால் ஃபிபா விதியில் ஆடப்படும் கூடைப்பந்தும் என்பிஏ கூடைப்பந்தும் நுணுக்கத்தில் வேறுபடுகின்றன. நேரம் 48 நிமிடத்துக்குப் பதில் 40. என்பிஏவில் ஒரு தடுப்பாட்டக்காரர் யாரையும் காக்காமல் கூடைக்கு அடியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்க முடியாது, ஃபிபாவில் நிற்கலாம். பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால் அதன் மேலிருக்கும் பந்தைத் தட்டிவிடவும் ஃபிபாவில் உரிமை உண்டு.

இதையெல்லாம் பார்த்தால் நெடுமரமாக நிற்பவர்களுக்கல்லவா ஐரோப்பா வசதி, 1.98 மீட்டர் ஹைன்ஸ் எப்படிப் பிழைத்தார்? விடை பிக் அண்ட் ரோல் என்ற உத்தியில் இருக்கிறது.

பந்தைக் கொண்டுவரும் கார்டைக் காக்கும் ஆளின் வழியில் சென்டர் வந்து சுவர்போல் நிற்பார். கார்டு அந்தச் சுவரை உரசிக்கொண்டு நழுவுவார். ஒரு கணம் தடுப்பாட்டத்தில் குழப்பம்: யார் யாரைப் பிடிப்பது? சென்டர் உடனே திரும்பிக் கூடையை நோக்கி ஓடுவார். ஐரோப்பிய அணிகளின் தாக்குதலில் பெரும்பங்கு இந்தக் குழப்பத்தைத் திரும்பத் திரும்ப உண்டாக்குவதுதான். இதை உடைக்கும் நேரடி வழி, தடுப்பவர்கள் இருவரும் ஆளை மாற்றிக்கொள்வது. ஆனால் அப்போது 2.13 மீட்டர் சென்டர் ஒருவர் வேகமான கார்டின் எதிரில் தனியாக மாட்டிக்கொள்வார். காலை எடுத்து வைப்பதற்குள் கார்டு கடந்துபோய்விடுவார்.

ஹைன்ஸ் மாட்டிக்கொள்ள மாட்டார். கீழே தாழ்ந்த உடல், அகன்ற தோள், நீண்ட கை, பக்கவாட்டில் நகரும் கால். கார்டையும் பிடிப்பார், திரும்பி வந்து தன்னைவிட உயரமானவரைக் கூடைக்கு அடியிலிருந்து தள்ளியும் நிறுத்துவார். அப்பாலிருந்து எறிந்து கூடையில் போட்டால் மூன்று புள்ளி தரும் கோட்டை 2010இல் ஃபிபா 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளியது. தளம் விரிந்தது, காக்க வேண்டிய பரப்பு கூடியது, நகரத் தெரிந்த சென்டருக்கு விலை ஏறியது. ஹைன்ஸ் அந்த ஆண்டுதான் முதல்முறையாக யூரோலீக்கில் கால் வைத்தார். இது தற்செயல்தான், ஆனால் அவருக்குச் சாதகமான தற்செயல்.

வெரோலியிலிருந்து மிலான் வரை

2008இல் அவர் இறங்கிய இடம் ரோமுக்குத் தென்கிழக்கில் உள்ள வெரோலி என்னும் சிறிய மலை ஊர். இத்தாலியின் இரண்டாம் படி லீக். அங்கே இரண்டு ஆண்டுகள். பிறகு 2010இல் ஜெர்மனியின் பாம்பெர்க். அந்த ஒரே சீசனில் லீக், கோப்பை இரண்டும் பாம்பெர்க் வசமாயின. லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது ஹைன்ஸுக்கு.

2011 கோடையில் கிரீஸ் கடன் நெருக்கடியில் திணறிக்கொண்டிருந்தது. ஏதென்ஸுக்கு அருகே பிரேயஸ் துறைமுகத்தின் ஒலிம்பியாகோஸ் கிளப் செலவைப் பெரிதாக வெட்டியது. விலை உயர்ந்த நட்சத்திரங்கள் வெளியேறினார்கள். அவர்களில் மிலோஷ் தியோதோசிச் மாஸ்கோவின் சிஎஸ்கேஏவுக்குப் போனார். காலியான அணிக்குள் வந்தவர்களில் ஒருவர் ஹைன்ஸ். 2012 மே மாதம் இஸ்தான்புல் இறுதியில் அதே சிஎஸ்கேஏவுடன் மோதி, 19 புள்ளிகள் பின்தங்கியிருந்து மீண்டு, யோர்கோஸ் பிரிண்டேஸிஸ் கடைசி நொடியில் போட்ட பந்தால் 62–61 என்று வென்றது ஒலிம்பியாகோஸ். அடுத்த ஆண்டு லண்டனில் அரையிறுதியில் மறுபடியும் சிஎஸ்கேஏவைச் சாய்த்து, இறுதியில் ரியல் மாட்ரிட்டை 100–88 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்தது.

இரண்டு முறை அடி வாங்கிய சிஎஸ்கேஏ, அந்தக் கோடையில் ஹைன்ஸைத் தானே ஒப்பந்தம் செய்தது. மாஸ்கோவில் ஏழு சீசன்கள். 2015இலும் 2017இலும் அரையிறுதியில் சிஎஸ்கேஏவை வெளியேற்றியது அவருடைய பழைய அணியான ஒலிம்பியாகோஸ். ஆனால் 2016இல் பெர்லினில் கூடுதல் நேரத்தில் ஃபெனர்பாஷேவை 101–96 என்றும், 2019இல் வித்தோரியாவில் அனதோலு எஃபெஸை 91–83 என்றும் வென்று அவருக்கு மூன்றாம், நான்காம் பட்டங்கள் வந்தன. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அவர் ஆடிய அணி பைனல் ஃபோரில் இருந்தது. ஒற்றை ஆட்டத்தில் தலையெழுத்து மாறும் போட்டியில் இது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

2020இல் மிலானுக்குப் போனார். மாஸ்கோவில் அவருடைய முதல் பயிற்சியாளராக இருந்த எத்தோரே மெஸ்ஸினாதான் அங்கும் பயிற்சியாளர். 2021 பைனல் ஃபோரில் மிலானை அரையிறுதியில் 84–82 என்று பார்சிலோனா வென்றபோது, வெற்றிக் கூடையைப் போட்டவர் கோரி ஹிக்கின்ஸ்: ஹைன்ஸுடன் மாஸ்கோவில் இரண்டு பட்டங்கள் வென்ற இன்னோர் அமெரிக்கர். அடுத்த பிப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து ரஷ்யக் கிளப்புகளை யூரோலீக் நிறுத்திவைத்தது. சிஎஸ்கேஏ வட்டத்துக்கு வெளியே போனது. ஹைன்ஸ் அதற்கு முன்பே மாஸ்கோவை விட்டிருந்தார்; அந்த வாரம் அங்கே இருந்த வீரர்களுக்கு நாட்டை விட்டு வெளியேறுவதே முதல் கவலை.

பெண்களுக்குக் கணக்கு தலைகீழ்

ஆண்களில் என்பிஏவில் இடமில்லாதவர்கள் வெளிநாடு போகிறார்கள். பெண்களில் உச்சியில் இருந்தவர்களே போனார்கள். 2015இல் அமெரிக்க மகளிர் லீக்கில் ஒரு வீராங்கனைக்கான உச்சச் சம்பளம் சுமார் 1,07,000 டாலர். அந்த லீக்கின் நட்சத்திரமான டயானா டவ்ராசிக்கு ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் கிளப் சுமார் 15 லட்சம் டாலர் தந்ததாகச் செய்தி. அந்த ஆண்டு அமெரிக்க சீசனில் ஆடாமல் ஓய்வெடுக்கச் சொல்லிக் கூடுதல் பணமும் அதே கிளப் கொடுத்தது. கோடையில் அமெரிக்கா, குளிர்காலத்தில் ரஷ்யா என்று ஓய்வே இல்லாத ஓட்டம். 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில், அதே கிளப்புக்கு ஆடிவந்த அமெரிக்க வீராங்கனை பிரிட்னி கிரைனர் கைதானபோது ‘ஏன் அங்கே போனார்’ என்று பலர் அவரையே குறைசொன்னார்கள். ஒன்பது ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் மீண்டார். போனது அவர் தொழில் செய்த கிளப்புக்கு. போக வைத்தது சொந்த நாட்டின் சம்பளப் பட்டியல். குறைசொன்னவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்திருக்க வேண்டும்.

இனி என்ன ஆகும்?

அமெரிக்கரை வெளிநாட்டுக்குத் தள்ளிய காரணங்கள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் கொண்டு சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை. இப்போது ஐரோப்பிய இளைஞர்களே கிளப்பை விட்டு அமெரிக்கக் கல்லூரிக்குப் போகிறார்கள். ஃபிபாவுடன் சேர்ந்து ஐரோப்பாவிலேயே ஒரு லீக் தொடங்கும் யோசனையை என்பிஏ 2025 மார்ச்சில் வெளிப்படையாக அறிவித்தது.

இன்னொரு மாற்றம் 2017இல் வந்த டூ-வே ஒப்பந்தம். என்பிஏ அணிக்கும் அதன் துணை லீக் அணிக்கும் மாறிமாறி ஆடும் ஏற்பாடு. இன்று அணிக்கு மூன்று பேர், மொத்தம் 90 பேருக்கு இந்த வழி திறந்திருக்கிறது. 2008இல் இது இருந்து, 22 வயது ஹைன்ஸ் முன் அந்தத் தாளை யாராவது நீட்டியிருந்தால் அவர் மறுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. என்பிஏ சீருடை போட்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். வெரோலியில் கிடைத்த ஆட்ட நேரம் அவருக்குக் கிடைத்திருக்காது. செலவைச் சுருக்கிய ஒலிம்பியாகோஸ் 2011 கோடையில் வேறொரு சென்டரைத் தேடிப் போயிருக்கும்.